மூன்று கும்பிடு கைகள்

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு மணி அடித்து ஓய்ந்த நேரத்தில் ரோதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு விட்டிருக்கலாம். வெள்ளைச் சேலை முந்தானையால் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு, திரிபேனாவின் மணிக்கட்டைப் பிடித்து, “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு லெந்து நோன்பு நாள் பூரா நினைச்சுக்கிட்டே கெடந்தேன்” என்றாள். புருஷன் ஐசக்கை அடக்கம் பண்ணிய பிறகு அவள் கோயிலுக்கு வருவது இதுதான் முதல் தடவை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, சின்ன வயதுக்காரி கிழவிபோல் இருந்தாள். “அன்னைக்கு இவுகளைத் தலையில ஆப்பரேஷன் பண்ண உள்ள கொண்டு போனாவல்லா, நான் அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒத்தையில இருந்தேன். எங்க அண்ணன் ரத்தத்துக்கு அலையப் போயிட்டான். எனக்கு ஒரு வார்த்தை ஜெபம் வரலை. நாக்கு மேல ஒட்டிக்கிட்டு. அப்பதான் குரூப்புல உங்க பதிலைப் பாத்தேன். ஜெபிக்கிறேன் சகோதரின்னு போட்டிருந்திய. எனக்கு முடியாட்டா என்ன, அக்கா எனக்காக முழங்கால்ல நிக்காவன்னு நினைச்சேன். அவுக போயிட்டாவ, சரி. ஆனா நான் அந்த நேரம் சுவத்துல முட்டிச் சாகாம இருந்தது உங்களாலதான்.” திரிபேனா வாயைத் திறந்தாள். “ஆமென்” என்றாள். அவள் நினைத்துச் சொன்னதல்ல; தும்மல் வருவதுபோல் தானாக வந்தது. ரோதா அவள் கையை ஒரு தரம் அமுக்கிவிட்டு விட்டாள். பாட்டு ஆரம்பித்தது, எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஆமென்னாம். எதற்கு ஆமென்? யாருடைய சாவுக்கு ஆமென்? பாட்டின் அடிகளுக்கு அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம்கூட வந்தது, உள்ளே மட்டும் பாட்டு இல்லை. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. முழங்காலில் நிற்பது கிடக்கட்டும், உட்கார்ந்த இடத்தில் கண்ணைக்கூட மூடவில்லை. இது ரோதாவுக்குத் தெரியாது. இந்தக் கோயிலில் யாருக்குமே தெரியாது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர், வாட்ஸ்அப்பில் ‘திறப்பிலே நிற்கிறவர்கள்’ என்று, பிறருக்காக மன்றாடுகிற ஜெபக்குழு தொடங்கி நடத்துகிறவள், விடியற்காலையில் சூரியன் உதிக்கிற படத்தின்மேல் ஒரு வசனத்தை வைத்து எல்லோருக்கும் அனுப்புகிறவள், அனுப்பிவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று பல் தேய்க்கும்போது பார்க்கிறவள். அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. முதலில் வந்தது அந்தத் திரைமேல். பீடத்துக்குப் பக்கத்தில் போன கிறிஸ்துமஸுக்குப் புதிதாக மாட்டிய திரை. பாட்டின் வரிகள் மஞ்சளாக ஓட, பின்னால் கடல் அலை அடித்துக்கொண்டிருந்தது. சிலுவைப் பாட்டுக்கு எதற்கு அலை? தூத்துக்குடிக்காரனுக்குக் கடலைக் காட்டவா? அதற்குப் பிறகு சபைப் போதகரான ஐயர்மேல் வந்தது. “அன்பானவர்களே, செல்போன்களை அணைத்துவிட்டு ஆண்டவருடைய பாடுகளைத் தியானிப்போம்” என்று சொன்ன வாயாலேயே, நடுவழியில் முக்காலிமேல் நின்ற கேமராவைப் பார்த்துத் திரும்பி, “நேரலையில் நம்மோடு இணைந்திருக்கிற வெளிநாடு வாழ் சபையாருக்கும் வாழ்த்துகள்” என்று சிரித்தார். துக்க நாளில், கறுப்பு அங்கியில், பல் தெரிய. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதலாம் வார்த்தைக்குப் பிரசங்கம் பண்ண ஏறியவர் அணைக்கச் சொன்ன அதே சாமானைக் கையில் வைத்து விரலால் தள்ளித் தள்ளி வாசித்தார். மன்னிப்பைப் பற்றித்தான் வாசித்தார். நடுவில் யாரோ அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும், ஒரு கணம் முகம் மாறி, கட்டைவிரலால் தள்ளிவிட்டு, விட்ட இடத்தைத் தேடினார்.

ஆண்கள் பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் தவராஜ் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைப்பார்கள். பாட்டுப் புத்தகத்துக்குள்ளே போன் இருக்கிறது, போனுக்குள்ளே கிரிக்கெட் ஸ்கோர் இருக்கிறது, அவளுக்குத் தெரியும். விக்கெட் விழுந்தால் இவருக்குக் காது அசையும். நேற்றைய ஆட்டத்தை இன்றைக்கு உட்கார்ந்து மறுபடியும் பார்க்கிற மனுஷன். கடற்கரையோரம் இவ்வளவு வெயிலில் உபவாசம் இருந்து வந்திருக்கிறோம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, என்னத்துக்கு? இவர் ஸ்கோர் பார்க்கவா? மூன்றாவது பெஞ்சில் ஹெலன் உட்கார்ந்திருந்தாள், கொண்டையும் அதில் குத்திய முத்தூசியும் தெரிந்தது. ஹெலன். ஆமாம், ஹெலன்தான். அந்தச் சேலை. அன்றைக்கு மத்தியானம் அவள் செய்துகொண்டிருந்தது அதுதான், அந்தப் பாழாய்ப்போன சேலை.

அவள் வேலை பார்க்கிற கல்லூரி நூலகத்தில் மத்தியானத்துக்குமேல் ஈ காக்கை இருக்காது. அவள் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிவைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். டிங்கென்று சத்தம் வந்தது, எடுத்தாள். ரோதா. “பைபாஸ்ல லாரி அடிச்சிட்டு. தலையில ஆப்பரேஷன். இப்ப உள்ள கொண்டு போறாங்க. எல்லாரும் ஜெபிங்க ப்ளீஸ்.” வாசித்தபோது திரிபேனாவுக்கு நெஞ்சு பகீரென்றது நிஜம். ஐயோ, ஐசக்கா, போன ஞாயிறுதானே காணிக்கைப் பை எடுத்தான் என்று நினைத்தது நிஜம். அப்போதே விரல் ஓடியது. “ஜெபிக்கிறேன் சகோதரி. கர்த்தர் பார்த்துக்கொள்வார்.” அதற்குப் பின்னால் மூன்று கும்பிடு கைகள். ஒன்று போட்டால் குறைவாகத் தெரியும், ஐந்து போட்டால் சின்னப் பிள்ளைகள் போடுவதுபோல் இருக்கும், மூன்றுதான் அவள் வழக்கம். வந்த செய்திகளைப் பார்த்து முடித்துவிட்டுக் கண்ணை மூடுவோம் என்றுதான் நினைத்தாள், அதுவும் நிஜம். ஆனால் பக்கத்தில் சங்கத்துக் குரூப் பச்சைப் புள்ளியோடு துடித்துக்கொண்டிருந்தது. ஈஸ்டருக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை எடுப்பதென்று தீர்மானம். இவள் லாவெண்டர் என்று சொல்லி எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு, ஹெலன் திடீரென்று பீச் பழ நிறத்தில் ஒரு படத்தைப் போட்டு, “இதுதான் நம்ம கலருக்கு எடுப்பா இருக்கும்” என்று எழுதியிருந்தாள். நம்ம கலராம். யாரைக் கேட்டுப் போட்டாள்? செயலாளர் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்? திரிபேனா எழுதினாள். ஹெலன் எழுதினாள். திரிபேனா எழுதி, அழித்து, இன்னும் காரமாக எழுதினாள். நடுவில் ஒரு வீடியோ தானாகவே ஓட ஆரம்பித்து, அதில் ஒரு பிரசங்கியார் இன்றைக்கு உனக்கு ஓர் அற்புதம் என்று கத்தினார், அவரைத் தள்ளினாள். அடுத்த வீடியோவில் ஒருத்தி பெட்டிக்குள் துணியைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கினாள், அதை முழுசாகப் பார்த்தாள், எப்படி இவ்வளவு துணியும் அடங்குகிறது என்று ஆச்சரியப்பட்டாள். அடங்கிவிட்டது. ஐசக்கின் மண்டையைத் திறந்திருப்பார்கள் அந்நேரம்.

“அம்மா, உன் மூணு கும்பிடு கையும் என் ஒரு ஹார்ட்டும் ஒண்ணுதாம்மா.” கெசியா காலையில் சொன்னது. படுக்கையில் கிடந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள் மகள். காலேஜ் படிக்கிற பெண், பெரிய வெள்ளிக்கிழமை, வீட்டில் ஒரு சட்டி அடுப்பில் ஏறவில்லை, இவள் மட்டும் முழங்காலை மடக்கிக் கிடந்து யாரோ ஒருத்தியின் பூனைக்கு ஹார்ட் போட்டுக்கொண்டிருக்கிறாள். திரிபேனா அதைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். “பிசாசு. இது போன் இல்லை, பிசாசு. ஆண்டவர் சிலுவையில தொங்குத நாள்ல உனக்குப் பூனை கேக்குதா? எந்தி. குளி. கோயிலுக்கு வா.” கெசியா கத்தவில்லை. கத்தியிருந்தால் இரண்டு அடி வைத்திருக்கலாம். போனை எடுத்து, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்துவிட்டு, அமைதியாகத்தான் சொன்னாள். “நான் பூனைக்குப் போட்டா பூனையைப் பாத்தாவது போடுதேன். நீ யாருக்குப் போடுதன்னு பேராவது வாசிக்கியா?” அப்போது திரிபேனாவுக்கு வந்த கோபம்! பெற்ற வயிறு, ஜெபிக்கிற தாய், இவளுக்கு அஞ்ஞானிகள்கூடச் சேர்ந்து நாக்கு நீண்டுவிட்டது என்று தவராஜிடம் சொல்லிச் சொல்லி ஆட்டோவில் வந்தாள். தவராஜ் “விடு, விடு” என்றார், ஸ்கோரைப் பார்த்துக்கொண்டு. இப்போது இரண்டாம் பிரசங்கம் முடிந்து மூன்றாவது ஓடுகிறது, தாயைப் பற்றி, சிலுவையடியில் நின்ற தாயைப் பற்றி. அந்த வாய்க்காரி சொன்னது முள்ளுமாதிரி தைத்து நிற்கிறது. பேரை வாசித்தாளா? ரோதாவின் பேரை வாசித்தாள். மற்றவர்கள்? யாரோ ஒருத்தியின் கர்ப்பப்பை. யாருடைய மகனுக்கோ விசா. தட்டார்மடத்திலிருந்து ஒரு பெரியவர், தொண்டையில் கட்டி, தொண்டையா நாக்கா? ஜெபிக்கிறேன் சகோதரரே. ஜெபிக்கிறேன் மகளே. கும்பிடு கை, கும்பிடு கை, கும்பிடு கை. பஸ்ஸில் நின்றுகொண்டு, ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டு, ஒரு தடவை கழிவறையில் உட்கார்ந்துகொண்டு. ஐயோ. அத்தனை பேரும் எங்கேயோ ஒரு வராண்டாவில் உட்கார்ந்து, அக்கா நிற்கிறாள், அக்கா எனக்காக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டா இருந்தார்கள்?

ஒருவேளை ஜெபித்திருப்பாளோ? மறந்துபோயிருக்குமோ? ஒரு நிமிஷம், அரை நிமிஷம், ஆண்டவரே ஐசக்கைத் தொடும் என்று மனதுக்குள் சொல்லியிருக்கலாம். சொல்லாமலா இருந்திருப்போம்? அந்தச் சேலைச் சண்டை அதற்கு முந்தின நாளாகக்கூட இருக்கலாம். போனில் நேரம் போட்டிருக்குமே, பார்த்தால் தெரிந்துவிடும். நாலாம் வார்த்தை ஆரம்பித்திருந்தது. சிலுவையில் தொங்கினவர் பிதாவைப் பார்த்தே ஏன் என்று கேட்ட அந்த வார்த்தை. வயதான பிரசங்கியார் குரல் உடைந்து பேசினார், முன் பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரிபேனா பைக்குள் கையை விட்டு, முந்தானை மறைவில் போனை எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்தாள். உண்மையைப் பார்க்கத்தான் எடுத்தாள். மேலேயே நின்றது: ஈஸ்டர் காலை ஆகாரத்துக்கு இட்லியா, பிரெட்டா? செயலாளர் சொன்னால்தான் சமையல்காரரிடம் சொல்ல முடியும். அவசரம் என்று போட்டிருந்தார்கள். இட்லியே போதும், சாம்பார் போன தடவைபோல் நீர்க்க வேண்டாம் என்று தட்டினாள். உடனே ஒருத்தி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். கீழே இன்னொருத்தி முள்முடி வைத்த முகத்தின் படத்தைப் போட்டு, நமக்காக என்று எழுதியிருந்தாள். ரத்தம் வழிகிற முகம், கண்ணீர் ஜிமிக்கி மாதிரி மினுமினுத்துக்கொண்டே இருந்தது. திரிபேனா மூன்று கும்பிடு கைகளைப் போட்டாள். போட்டு முடித்த பிறகு, விரல் கண்ணாடியைவிட்டு எழும்பின பிறகு, தான் எதற்காக இதை எடுத்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கொஞ்ச நேரம் நிஜமாகவே வரவில்லை. பக்கத்தில் ரோதா கண்ணை மூடி, தலையைக் குனிந்து, மடியில் கையை விரித்து வைத்திருந்தாள், யாராவது ஏதாவது போடட்டும் என்பதுபோல. அந்தக் கையைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. குற்றத்தைத் தேடி உள்ளே போனவள் இட்லியோடு வெளியே வந்திருக்கிறாள். போனை அணைத்தாள், கறுப்பாகிவிட்டதா என்று பார்த்தாள், பைக்குள் தள்ளிப் பையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். நேரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியும்.

பிசாசு என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் காலையில். பிசாசாக இருந்தால் விரட்டிவிடலாமே. கையளவு சாமான், அதுவா அவளை இழுத்தது? அது சும்மா கிடந்தது. ஓடி ஓடிப் போனது இவள்தான். ஹெலனோடு சண்டை போட இவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. ஆண்டவரோடு இருப்பதைவிட ஹெலனோடு இருந்தது ருசியாக இருந்தது. அவர் உடனே பதில் போடமாட்டார், அவருக்கு நீல டிக் விழாது, அவர் கட்டைவிரலைத் தூக்கமாட்டார். கண்ணை மூடினால் இருட்டு, தன் மூச்சு, தெருவில் போகிற லாரி, அவ்வளவுதான். அந்த இருட்டில் கொஞ்ச நேரம் நிற்பதற்குப் பயந்துதானே வசனப் படம், பாட்டு, குரூப், காலை எழுப்புதல் கூட்டம், மாலை எழுப்புதல் கூட்டம் எல்லாம். எல்லாம் அவரைப் பற்றித்தான். ஒன்றும் அவரிடம் இல்லை. முன்பெல்லாம் இப்படியா? கெசியா வயிற்றில் இருந்தபோது மாதம் நிறையுமுன் ரத்தம் போய், பிரசவ வார்டில் இரும்புக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாளே, அப்போது வார்த்தைகூட இல்லை, இஹ் இஹ் என்று மிருகம்போல் ஒரு சத்தம், அதைத்தான் அவருக்கு முன்னால் வைத்தாள், அவரும் அதே அறையில் நின்று கேட்டார் என்று அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அந்தத் திரிபேனா எங்கே போனாள்? சரி, அவளே அன்றைக்கு ஜெபித்திருந்தால் ஐசக் பிழைத்திருப்பானா? இதுதான் தொண்டையில் நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பிழைத்திருப்பான் என்றால் அவனைக் கொன்றவள் இவள். பீச் நிறச் சேலை கொன்றது. பிழைத்திருக்கமாட்டான் என்றால் ஜெபம் எதற்கு, திறப்பு எதற்கு, முழங்கால் எதற்கு? ஒரு கிறுக்கியின் அரை நிமிஷத்தில் ஒரு மனுஷன் உயிரைக் கட்டித் தொங்கவிடுகிற ஆண்டவர் எப்பேர்ப்பட்ட ஆண்டவர்? மறுபடியும் முதலிலிருந்து வந்தது. பிழைத்திருந்தால். பிழைத்திருக்காவிட்டால். வெளியே அடுப்பில் உபவாசம் முடிக்கிற கஞ்சி கொதிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது, பூண்டும் சுக்கும், அவள் வயிறு வெட்கமில்லாமல் இரைந்தது. பசிமேலும் கோபம் வந்தது. பசிக்கிறது பார், ஐசக் மண்ணுக்குள் கிடக்கிறான், இதற்குப் பசிக்கிறது. அடக்கத்தன்றைக்கு ரோதாவைக் கட்டிப்பிடித்து, “நாங்க எல்லாரும் ஜெபிச்சோம்மா, ஆண்டவர் சித்தம் வேற” என்று அழுதாளே. ஆண்டவர்மேல் பழியைப் போட்டாளே. அழுகை வந்ததே, கண்ணீர் வந்ததே, அது எந்தக் குழாயிலிருந்து வந்தது?

ஏழாம் வார்த்தையும் முடிந்தது. ஐயர் கையைக் காட்ட, விசிறிகளை நிறுத்தினார்கள், திரையை அணைத்தார்கள், வெளியே துக்க மணி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். வெயிலில் காய்ந்த ஓட்டின் சூடு தலையில் இறங்கியது. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் அவ்வளவு அமைதி, யாரோ ஒரு குழந்தை சிணுங்கியதுகூடப் பெரிதாகக் கேட்டது. திரிபேனா பக்கத்தில் பார்த்தாள். ரோதாவின் உதடு அசைந்தது. நன்றி சொல்கிறாளோ, திரிபேனா அக்காவுக்காக நன்றி சொல்கிறாளோ என்று நினைத்தபோது அவளால் தாங்க முடியவில்லை. “ரோதா” என்றாள். ரோதா கண்ணைத் திறந்தாள். “நான் அன்னைக்கு ஜெபிக்கலை.” ரோதாவுக்குப் புரியவில்லை. “என்னைக்கு அக்கா?” “அன்னைக்குத்தான். பதில் போட்டேன். போட்டுட்டு மறந்துட்டேன். சங்கத்துச் சேலைக்கு ஹெலன்கூடச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் அதுதான். நீ நினைச்சமாதிரி நான் நிக்கலை.” ஒரு மணி விழுந்தது. ரோதா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள், அறைவாள், ஒருவேளை பரவாயில்லை என்பாள், எதற்கும் தயாராக இருந்தாள் திரிபேனா. பரவாயில்லை என்பதற்குக் கொஞ்சம் அதிகமாகவே தயாராக இருந்தாள். ரோதா மெதுவாகக் கேட்டாள். “இதை எதுக்கு அக்கா எங்கிட்ட சொல்லுதிய?” அவளே தொடர்ந்தாள். “உங்க பாரம் எறங்கணும்னா? அந்த நாள்ல இருந்து எங்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இன்னைக்குக் கோயிலுக்கே வந்தேன். அதையும் எடுத்துட்டியளே.” எழுந்தாள். குனிந்திருந்த முதுகுகளுக்கு நடுவே, யாருடைய சேலையையும் மிதிக்காமல், ஒதுங்கி ஒதுங்கி வாசலுக்கு நடந்தாள். வெளியே வெயிலில் வெள்ளைச் சேலை ஒரு கணம் கண்ணைக் கூசவைத்தது, பிறகு இல்லை.

திரிபேனாவுக்கு முதலில் ரோதாமேலேயே கோபம் வந்தது. உண்மையைத்தானே சொன்னேன், உண்மையைச் சொன்னால் இப்படியா? அந்தக் கோபம் நிற்கவில்லை, நிற்க அதற்குத் தரையில்லை. தன்மேல் திரும்பியது, அங்கேயும் நிற்கவில்லை. மத்தியானம் பூராவும் தன்னைக் கடித்துக் குதறியாயிற்று, இனிக் கடிக்கச் சதை இல்லை. திரை, ஐயர், தவராஜ், ஹெலன், பெற்ற மகள், எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது நேராக மேலே போயிற்று. நீர் எங்கே இருந்தீர்? அவள் வாய் திறக்கவில்லை, ஆனால் தொண்டை அசைந்தது. நான் சேலையில் இருந்தேன். நீர் எதில் இருந்தீர்? நான் கழுதை, எனக்குக் கண் இல்லை, ஒரு மினுமினுப்பைக் கண்டால் போதும் ஓடிவிடுவேன், என்னைப் பண்ணினவருக்கு அது தெரியாதா? தெரிந்தும் என்னையா அவளுக்கு விட்டீர்? அந்த வராண்டாவில் நாக்கு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தாளே, அவள் பக்கத்தில் நீர் உட்கார்ந்திருக்கக் கூடாதா? என் பொய்யான பதிலா அவளைப் பிடித்து நிறுத்த வேண்டும்? உமக்கு வேறு கை இல்லையா? இப்போது அதையும் பிடுங்கிப்போட்டேன். வெறுங்கையோடு போகிறாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துவாள். அந்த வீட்டில் அவன் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அவள் நாக்கு மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். போம். நான் போனால் முகத்தில் துப்புவாள், துப்பட்டும், நான் பிறகு போகிறேன், நீர் இப்போது போம். எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். என்னை மன்னிக்கக்கூட வேண்டாம். அவளுக்குச் சொல்லும். ஐசக்கை ஏன் எடுத்தீர் என்று அவளுக்குச் சொல்லும், சொல்ல முடியாவிட்டால் சொல்ல முடியாது என்றாவது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லும். பாவி, பாவி என்று என்னைச் சொல்லும், அவளை விடாதேயும். சொல்லும். பேசும். விரல் நகம் உள்ளங்கையில் பதிந்து எரிந்தது. மணி ஓய்ந்தது அவளுக்குத் தெரியாது. விசிறி மறுபடி சுற்றியதும், ஐயர் ஆசீர்வாதம் சொன்னதும், வெளிநாட்டுச் சபையாருக்கு விடை சொன்னதும், பெஞ்சுகள் கிறீச்சிட்டதும், செருப்புகளைத் தேடிக்கொண்டு ஜனங்கள் சிரித்துப் பேசியதும் எங்கோ தூரத்தில் நடந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், கேட்டதையே கேட்டாள், மாற்றிக் கேட்டாள், திட்டினாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. தவராஜ். கோயில் காலியாகிவிட்டிருந்தது, பிரம்பு நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தார்கள். “ஏ, எந்தி. எல்லாரும் கஞ்சிக்குப் போயாச்சு. இன்னும் என்ன செய்யுத?”

“செத்த பொறுங்க. பேசிக்கிட்டிருக்கேன்.”

அவர் குனிந்து அவள் காதைப் பார்த்தார். கையைப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு கோபமாக இருந்து அவர் பார்த்ததில்லை.

“யார்கிட்ட?” என்றார்.

அவள் திரும்பவில்லை. இன்னும் பதில் வந்தபாடில்லை. வராமல் எழுந்திருப்பதாகவும் இல்லை.